கப்பி குட்டி போட்டுவிட்டதா? கம்யூனிட்டி டேங்கில் பிறந்த குட்டிகளைக் காப்பாற்றும் வழி

கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் ஆகிய நான்கு வளர்ப்பு மீன்களும் முட்டையிடாமல் நேராகக் குட்டி போடுபவை. பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் உங்கள் தொட்டியில், அதாவது கம்யூனிட்டி டேங்கில், இவற்றில் ஒரு ஜோடி இருந்தால் குட்டிகள் வந்தே தீரும். பெண் மீனை மட்டும் வாங்கி வந்தாலும் தப்ப முடியாது. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், விந்தணுவைப் பல மாதங்கள் உடலிலேயே சேமித்து வைத்து, அடுத்தடுத்து குட்டி போடும். கடைத் தொட்டியில் ஆணும் பெண்ணும் கலந்தே கிடப்பதால், நீங்கள் வாங்கும் வளர்ந்த பெண் பெரும்பாலும் ஏற்கெனவே சினையாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் காலையில் தொட்டியின் மூலையில் கண்ணும் வாலுமாக ஏழெட்டுப் பொடிகள் ஓடும். மாலைக்குள் இரண்டுதான் மிஞ்சியிருக்கும். மற்றவற்றைத் தின்றது பக்கத்து மீன்களோடு பெற்ற தாயும்தான். உடனே கடைக்கு ஓடினால் ஒருவர் சினை மீனைத் தனியே அடைக்கும் சிறு பெட்டியான பிரீடிங் பாக்ஸ் வாங்கச் சொல்வார், இன்னொருவர் மருந்து ஊற்றச் சொல்வார், மூன்றாமவர் 'விடுங்க சார், அடுத்த மாசம் மறுபடி போடும்' என்பார். மூன்றாமவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனாலும் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒழுங்கான வரிசை வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வளர்ப்பது சென்னையில். உங்கள் ஊரின் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்ப இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. எத்தனை குட்டி வேண்டும்? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

யாரும் இந்தக் கேள்வியில் தொடங்குவதில்லை. கப்பி ஒரு ஈற்றுக்கு 20 முதல் 50 வரை போடும். வயதான, பெரிய பெண்ணாக இருந்தால் அதற்கு மேலும் போகும். சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். மூன்று பெண் மீன் இருந்தால் மாதத்துக்கு நூறு குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதோ இரண்டடித் தொட்டி.

ஐந்தாறு குட்டி வளர்ந்தால் போதும் என்பவர்கள் தனித் தொட்டி எதுவும் வாங்க வேண்டாம். பெரிய தொட்டியின் ஒரு பக்கத்தில் வேலம்பாசியையும் ஜாவா மாஸையும் அடர்த்தியாக விட்டு, மேலே சிறிய மிதக்கும் செடி ஏதாவது போடுங்கள். பிறந்த குட்டி மேல்மட்டத்துக்கு வந்து செடிக்குள் ஒளிந்துகொள்ளும். வலுவானவை சில பிழைக்கும், மற்றவை இரையாகும். இரக்கமில்லாத வழியாகத் தோன்றலாம். ஆனால் தொட்டி நிரம்பி எல்லாம் திணறுவதைவிட இது நல்லது.

ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர், பார்ப் வகைகள் இருக்கும் தொட்டியில் இந்த வழி பலிக்காது. ஏஞ்சல் ஒரு குட்டியைக்கூட விடாது.

ஒரு ஈற்றையாவது முழுசாக வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் மீதிப் படிகள்.

2. குட்டி வருவதற்கு முன்பே வாங்க வேண்டியவை

கீழே உள்ள விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும். சென்னைக்காரர்கள் கொளத்தூர் பக்கம் போனால் ஒரே தெருவில் நாலு கடை விசாரித்து வாங்கலாம்.

– 20 முதல் 30 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் அல்லது சிறு கண்ணாடித் தொட்டி: 250 முதல் 600 ரூபாய். வீட்டில் சும்மா கிடக்கும் டப்பும் போதும், ஆனால் சோப்பு பட்டதாக இருக்கக் கூடாது.
– சிறிய ஸ்பான்ஞ்ச் ஃபில்டர்: 100 முதல் 200 ரூபாய்.
– ஏர் பம்ப், டியூப்: 200 முதல் 400 ரூபாய்.
– ஆன்டி க்ளோரின் பாட்டில்: 50 ரூபாய்க்குள்.
– ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் வாழும், இறால் போன்ற பொடி உயிரி; குட்டிகளுக்கு உயிர்த்தீனி) முட்டை, சிறு பாக்கெட்: 100 ரூபாயிலிருந்து.
– கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர்: 50 முதல் 100 ரூபாய்.

ஆக, ஆயிரம் ரூபாயை ஒட்டி முடித்துவிடலாம். இதில் சேராத ஒன்று அம்மோனியா டெஸ்ட் கிட். அது கொஞ்சம் விலை கூடும். முடிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் மாற்றுவதில் கறாராக இருங்கள்.

ஸ்பான்ஞ்ச் ஃபில்டரை வாங்கியதும் டப்பில் போட்டுவிடாதீர்கள். முதலில் பெரிய தொட்டியில் மூன்று நான்கு வாரம் ஓட விடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றிப் போடும் பாக்டீரியா அந்த ஸ்பான்ஞ்சில் குடியேற அத்தனை நாள் வேண்டும். குட்டி பிறந்த அன்று அதை அப்படியே தூக்கி டப்பில் போட்டால் டப் முதல் நாளே தயார். புது ஃபில்டர், புதுத் தண்ணீர், புது டப் என்று தொடங்கியவர்களுக்குத்தான் ஐந்தாவது ஆறாவது நாளில் குட்டிகள் கொத்தாகச் செத்து மிதக்கும். அப்போது கடைக்காரர் மருந்து கொடுப்பார், மருந்தால் அம்மோனியா குறையாது.

பெரிய தொட்டியில் பவர் ஃபில்டர் இருந்தால் அதன் உறிஞ்சும் வாய்க்கு ஒரு துண்டு ஸ்பான்ஞ்ச் மாட்டுங்கள். குட்டிகள் காணாமல் போவதற்கு மீன்களின் வாய் மட்டுமல்ல, இந்த வாயும் பல வீடுகளில் காரணம்.

ஏரி, குளத்திலிருந்து பாசி எடுத்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் தட்டான்பூச்சியின் இளம்புழு ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீருக்குள்ளேயே வளரும் அது நாளுக்குச் சில குட்டிகளைப் பிடித்துத் தின்னும், நீங்கள் காரணம் தெரியாமல் எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். பாசியை ஒரு வெள்ளை வாளியில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, தினமும் உதறி அலசிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

3. நாள் நெருங்குவதைக் கண்டுபிடிப்பது

பெண் மீனின் வயிற்றுக்குப் பின்னால், கீழ்த்துடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். சினை முற்ற முற்ற அது பெரிதாகி இருளும். வெளிர்நிறக் கப்பியில் கடைசி நாட்களில் அந்த இடத்தில் குட்டிகளின் கண்களே பொட்டுப் பொட்டாகத் தெரிவதுண்டு. கறுப்பு மோலியில் எதுவும் தெரியாது, வயிற்றின் வடிவத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது வயிறு உருண்டையாக இல்லாமல் முன்பக்கம் சதுரமாக இறங்கியிருந்தால் ஓரிரு நாள்தான்.

கூடவே தீனிக்கு வராமல் மூலையில் ஒதுங்கும், ஆண் நெருங்கினால் விரட்டும், மூச்சு வேகமாக இருக்கும்.

குட்டி போட்ட தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தப் பொழுதுபோக்குக்குத் தேவைப்படும் ஒரே ஆவணம் அதுதான். இரண்டு ஈற்றுக்குப் பிறகு உங்கள் மீனின் இடைவெளி தெரிந்துவிடும். பொதுவாக 21 முதல் 30 நாள். மோலிக்குச் சில சமயம் ஒரு வாரம் கூடுதலாகவும் ஆகும். தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்தால் தாமதம்.

4. பிறக்கும் அன்று: தாயை விடுங்கள், குட்டியை எடுங்கள்

கடைகளில் தொங்கும் அந்தக் கண்ணாடி போன்ற பிரீடிங் பாக்ஸைப் பற்றி என் கருத்து: குட்டிக்குச் சில நாள் தங்குமிடமாக அது பரவாயில்லை, தாய்க்கு அது சிறை. சினை முற்றிய மீனை வலையில் பிடித்து உள்ளங்கை அகலப் பெட்டியில் நாள் கணக்கில் அடைத்தால், பயத்தில் குறைமாதக் குட்டிகளைப் போட்டுவிடும். அவற்றின் வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டியிருக்கும், நீந்தாமல் அடியில் துள்ளும், பெரும்பாலும் பிழைக்காது. சில தாய்கள் செத்தும் போகின்றன.

அதற்குப் பதில், நாள் நெருங்கும்போது பெரிய தொட்டியில் செடியை அடர்த்தியாக்குங்கள். மீன்களுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, வயிறு நிறையத் தீனி போடுங்கள். பசியில்லாத மீனும் குட்டியைத் தின்னும்தான், ஆனால் துரத்தும் வேகம் குறையும். பல மீன்கள் விடிகாலையில் போடும். அதனால் காலையில் விளக்கைப் போட்டதும் செடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஈற்று முடியச் சில மணி நேரம் ஆகும், ஒரே நேரத்தில் எல்லாம் வராது.

குட்டிகளை வலையால் பிடிக்க வேண்டாம். அவை வலையில் ஒட்டிக்கொண்டு அடிபடும். ஒரு டம்ளரையோ சிறு கிண்ணத்தையோ மெதுவாகத் தண்ணீருக்குள் சாய்த்தால் அவை தாமாகவே உள்ளே இழுபட்டு வரும். அப்படியே டப்பில் சாய்த்துவிடுங்கள்.

டப்பில் இருப்பது அதே பெரிய தொட்டியின் தண்ணீராக இருக்க வேண்டும். பாதிக்கும் மேல் அங்கிருந்தே எடுத்து ஊற்றுங்கள். சூடும் சுவையும் மாறாததால் குட்டிகளுக்கு அதிர்ச்சி இருக்காது. தண்ணீர் உயரம் ஒரு சாண் போதும், ஒரு கொத்துப் பாசி போடுங்கள், கல், மணல் எதுவும் வேண்டாம். வெற்று அடியைத்தான் எளிதில் சுத்தம் செய்யலாம். ஃபில்டரில் காற்று மெதுவாக, குமிழ் எண்ணும் அளவுக்கு வரட்டும். அதிகம் வைத்தால் குட்டிகள் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும்.

5. தண்ணீர்

குட்டிகள் சாவதற்குக் காரணம் பத்தில் எட்டு முறை தண்ணீராகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அதனால் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலாவது க்ளோரின். குழாய்த் தண்ணீரை அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் க்ளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு ஆன்டி க்ளோரின் சொட்டு, பாட்டிலில் போட்ட அளவுப்படி. கோடையில் வரும் லாரித் தண்ணீரில் ப்ளீச்சிங் வாடை தூக்கலாக இருந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

இரண்டாவது, ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும். 'சுத்தமான தண்ணீர்தானே' என்று பலர் அதை ஊற்றுகிறார்கள். இந்த நான்கு வகை மீனுக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7க்கும் 8க்கும் இடையில் இருக்கலாம். சோப்பு நுரைக்காத போர்த் தண்ணீரில் கப்பியும் மோலியும் கும்மாளமாக வளரும். தாதுக்களை வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீரில் அவை துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நோஞ்சானாகும். உங்கள் போர்த் தண்ணீரில் துருவோ கரிக்கும் உப்போ மிக அதிகமாக இருந்தால் மட்டும் குழாய்த் தண்ணீரோடு பாதிப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது சூடு. 25 முதல் 28 டிகிரி நல்லது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் தேவையே இல்லை, பிரச்சினை எதிர்ப்பக்கம்தான். மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை நேராக ஊற்றினால் குட்டிகள் வெந்தேபோகும். இரவே பிடித்து வைத்து, காலையில் டப்பின் சூட்டுக்கு வந்துவிட்டதா என்று தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். டப்பை நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், 20 லிட்டர் சூடேற அதிக நேரம் பிடிக்காது. மலைப்பகுதியிலோ மார்கழிக் குளிர் கடுமையாக இருக்கும் ஊரிலோ இருப்பவர்களுக்கு ஒரு சிறு ஹீட்டர் வேண்டியிருக்கும்.

நான்காவது, மாற்றும் கணக்கு. முதல் இரண்டு வாரம் தினமும் கால் பங்கு, முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஏர் டியூபையே சைஃபனாக (தண்ணீரைத் தானாகக் கீழே இறக்கும் குழாயாக) வைத்து அடியிலுள்ள கழிவை உறிஞ்சுங்கள். உறிஞ்சும் தண்ணீர் ஒரு வெள்ளை வாளிக்குள் விழட்டும். தவறி வந்த குட்டியை அதில் பார்த்து டம்ளரால் எடுத்துத் திருப்பி விடலாம். நேராகப் பாத்ரூம் குழியில் விட்டால் எத்தனை போனது என்றே தெரியாது. ஸ்பான்ஞ்சை ஒருபோதும் குழாயில் கழுவாதீர்கள். மாற்றி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும்.

குட்டிகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாலோ, ஒரே இடத்தில் நின்று உடலை ஆட்டிக்கொண்டிருந்தாலோ தண்ணீர் கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் தண்ணீரை மாற்றி, அன்றைய தீனியை நிறுத்துங்கள். ஒரு நாள் பட்டினியால் குட்டி சாகாது.

அப்புறம், வீட்டுக்குள் இருக்கும் ஒரு விஷயம். கொசு விரட்டும் லிக்விட், சுருள், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருக்கும் பூச்சிக்கொல்லி மனிதருக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் மீனுக்குக் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அந்த அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. டப் இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள். வேறு வழியில்லை என்றால் டப்பை அறை மாற்றுங்கள்.

6. தீனி

பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டி சாப்பிடத் தொடங்கிவிடும். முட்டையிடும் மீனின் குஞ்சுக்குத் தருவது போல இன்ஃப்யூசோரியா எனும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தீனி தயாரிக்க வேண்டியதில்லை, இவற்றின் வாய் பிறக்கும்போதே அதைவிடப் பெரிது.

பெரிய மீனுக்குப் போடும் ஃப்ளேக்கையோ குருணைத் தீனியையோ விரல்களுக்கு நடுவே மாவாகத் தேய்த்துத் தூவினாலே குட்டிகள் வளரும். ஆனால் ஆர்ட்டீமியா கொடுத்த குட்டிக்கும் கொடுக்காத குட்டிக்கும் மூன்றாவது வாரத்தில் அளவிலேயே வித்தியாசம் தெரியும். அதைப் பொரிக்கும் முறை இது.

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி, மூடியை இறுக்கித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். கால் டீஸ்பூன் முட்டை போடுங்கள். ஏர் டியூபை அடிவரை விட்டுக் காற்றை வேகமாக வையுங்கள், முட்டை எங்கும் தங்காமல் சுழல வேண்டும். பக்கத்தில் ஒரு எல்.இ.டி. விளக்கு எரியட்டும். 27, 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரியும், குளிர்நாளில் 36 வரை ஆகும். தண்ணீர் ஆரஞ்சு நிறமானதும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். வெறும் ஓடுகள் மேலே மிதக்கும், பொரிந்தவை அடிப்பக்கம் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அவற்றை மட்டும் டியூபால் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் குட்டிகளுக்குக் கொடுங்கள். ஓடு சேர்ந்து போனால் குட்டியின் குடல் அடைத்துக்கொள்ளலாம், அதனால் மேலே மிதப்பதைத் தொடாதீர்கள்.

சாப்பிட்ட குட்டியின் வயிறு ஆரஞ்சாகப் புடைத்துத் தெரியும். எல்லாக் குட்டிக்கும் கிடைத்ததா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

பொரித்தது அன்றே தீர வேண்டும், நேரம் ஆக ஆக அதன் சத்துக் குறையும். மீந்த முட்டைப் பாக்கெட்டைக் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரம் பட்டால் பாக்கெட் முழுவதும் வீண்.

இவ்வளவு பாடுபட முடியாதவர்களுக்கு, ஓடு நீக்கிய ஆர்ட்டீமியா முட்டை என்று தனியாக விற்கிறது. பொரிக்காமல் அப்படியே போடலாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் கொடுக்கலாம். பட்டாணி அளவு எடுத்துத் துணியில் கட்டி ஒரு கிண்ணம் தண்ணீரில் பிழிந்து, அந்தப் பால்நிறத் தண்ணீரில் சில சொட்டு மட்டும். காசில்லாத தீனிதான், ஆனால் தண்ணீரைக் கெடுப்பதில் இதற்கு இணை கிடையாது. கொடுத்த அன்று தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும்.

நாளுக்கு நாலைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது சிறப்பு. வேலைக்குப் போகிறவர்கள் காலை, மாலை, இரவு என மூன்று முறை கொடுத்தால் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் தீரும் அளவுதான் ஒரு வேளை. காலையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். விளக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எரியட்டும், குட்டி கண்ணால் பார்த்துத்தான் தின்னும்.

7. வாரக் கணக்கு

முதல் வாரம்: குட்டி முக்கால் சென்டிமீட்டர்கூட இருக்காது. சில சாகும். முதுகு வளைந்தவை, அடியிலேயே தத்துபவை எத்தனை பார்த்தாலும் தேறாது. செத்ததை உடனே எடுத்துவிடுங்கள்.

மூன்று, நான்காவது வாரம்: ஆண், பெண் பிரிக்கத் தொடங்கலாம். பெண்ணின் கீழ்த்துடுப்பு விசிறி போல விரிந்திருக்கும், ஆணுக்கு அது குச்சியாகக் குறுகிப் பின்னோக்கி மடங்கும். பெண் கப்பிக்குக் கறுப்புப் புள்ளியும் லேசாகத் தெரியும். இரண்டு டப் இருந்தால் இப்போதே பிரித்துவிடுங்கள். கப்பி இரண்டு மூன்று மாதத்தில் தானே தாயாகிவிடும், பிரிக்காமல் விட்டால் எண்ணிக்கை கைமீறும். ஸ்வார்ட்டெயிலில் சில ஆண்கள் தாமதமாகத்தான் அடையாளம் காட்டும், அவசரப்பட்டு எல்லாவற்றையும் பெண் என்று முடிவுகட்டாதீர்கள்.

ஐந்து, ஆறாவது வாரம்: ஆண் கப்பிக்கு வால் நிறம் ஏறும். ஆர்ட்டீமியாவைக் குறைத்துச் சாதாரணத் தீனிக்கு மாற்றலாம். 20 லிட்டர் டப்பில் நாற்பது குட்டி இருந்தால் இப்போது இடம் பற்றாது. பாதியைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும்.

8. பெரிய தொட்டிக்கு மாற்றுவது, மீதியை என்ன செய்வது

தேதியைப் பார்த்து மாற்றாதீர்கள், பெரிய தொட்டியில் இருக்கும் மிகப் பெரிய வாயைப் பார்த்து மாற்றுங்கள். கப்பி, டெட்ரா, கோரி போன்ற சிறு மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டியென்றால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும், ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரம். வளர்ந்த ஏஞ்சல் இருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். இரவில், விளக்கை அணைத்த பிறகு விட்டால் பழைய மீன்கள் துரத்துவது குறைவு. ஒன்றிரண்டாக விடாமல் கூட்டமாக விடுங்கள்.

மிஞ்சியதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். சில மீன் கடைகள் நல்ல நிறமுள்ள கப்பியை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தீனி தருவதுண்டு. பணமாகக் கேட்டால் சிரிப்பார்கள். முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். ஏரியிலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். கப்பி நம் ஊர் மீன் அல்ல, எந்தத் தண்ணீரிலும் பெருகி அங்கிருக்கும் சிறு மீன்களின் இரையையும் முட்டையையும் தின்னும்.

கொண்டுபோகும்போது முந்தின நாளே தீனியை நிறுத்துங்கள். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வாங்குபவரிடம் கவரை அவர் தொட்டியில் கால்மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு திறந்து அவர் தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கவரில் கலந்து, அப்புறம் மீனை விடச் சொல்லுங்கள். அடுத்த ஈற்றுக்கு அதே குடும்பத்துக்குள் சேர்க்காமல், வேறு இடத்திலிருந்து ஓர் ஆண் மீனைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.